கதவோரத்து ஸ்டிக்கர்

டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய்த் தங்குகிற சக்கர வீடு, வாங்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லாரும் ஒரே எண்ணை வைத்துத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். "எங்க வண்டி 5,000 பவுண்டு இழுக்கும் அக்கா." "எங்க பிக்கப் 11,000 இழுக்குமாம்." அந்த எண் விளம்பரத்தில் இருக்கும், டீலர் சொல்வார், வண்டியின் கையேட்டிலும் இருக்கும். பொய்யான எண் இல்லை. ஆனால் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, அரிசி, குக்கர், போர்வை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மலையேறப் போகிற குடும்பத்துக்கு அந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. அவர்களுக்கான எண் வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடுகிற தூணில், டயரில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று எழுதிய மஞ்சள் பட்டை போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோ, அதாவது இத்தனை பவுண்டு, அதற்கு மேல் ஒருபோதும் போகக்கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். அதுதான் பேலோடு. டிரெய்லரைப் பற்றிய எல்லாக் கணக்கும் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாங்கள் இருப்பது கொலராடோவில், டென்வர் பக்கம். இங்கே மே கடைசியில் மெமோரியல் டே வந்துவிட்டால் செப்டம்பர் லேபர் டே வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஐ-70 நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டும். நம் ஆட்களின் பெற்றோர் விசாவில் வந்து சில மாதம் தங்குவதும் இதே பருவத்தில்தான். வயதானவர்களைக் கூடாரத்தில் படுக்க வைக்க முடியாது, பாதி ராத்திரியில் பாத்ரூமுக்கு இருட்டில் நடக்க வைக்க முடியாது, ஹோட்டலில் சமைக்க முடியாது. டிரெய்லரில் கட்டில், கழிவறை, அடுப்பு எல்லாம் உண்டு. அதனால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் இந்த ஆசை வருவது நியாயமான ஆசை. அது நல்லபடியாக நிறைவேற வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 5,000 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த முறையில் சோதித்து ஓர் எண்ணை அறிவித்துக்கொண்டிருந்தது. 2008-ல் வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ. ஜே2807 என்று ஒரு பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. டொயோட்டா 2011 மாடல்களிலேயே அதைப் பின்பற்றத் தொடங்கியது, மற்ற பெரிய பிக்கப் நிறுவனங்கள் அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அந்தச் சோதனை நடைபெறுவதாக வைத்துக்கொள்ளும் சாலை அரிசோனாவில் இருக்கிறது. டேவிஸ் அணைப் பக்கத்திலிருந்து பாலைவன மலை மேல் ஏறும் மாநில நெடுஞ்சாலை 68. ஏற்றம் 11.4 மைல். வெளியே குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், உள்ளே ஏசி முழு வேகத்தில், பின்னால் அறிவிக்கப்போகும் எடையுள்ள டிரெய்லர். சாதாரண வண்டிகள் இந்த ஏற்றம் முழுவதும் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். இன்ஜின் சூடாகி நின்றுவிடக் கூடாது. 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான், மரியாதைக்குரியதும்கூட.

ஆனால் அந்த வண்டியில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு? ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் ஒருவர். ஆளுக்கு 150 பவுண்டு, கிலோவில் சொன்னால் 68. டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் ஹிட்ச் சாமானுக்கு இன்னொரு 70 பவுண்டு. அவ்வளவுதான். பின் சீட்டில் பிள்ளை கிடையாது, மூன்றாம் வரிசையில் தாத்தா பாட்டி கிடையாது, டிக்கியில் ஒரு பையும் கிடையாது. நீங்கள் ஏற்றுகிற மூன்றாவது ஆளிலிருந்தே அந்த 5,000 கரையத் தொடங்கிவிடுகிறது. இதை எந்த டீலரும் தானாக எடுத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அரோராவில் இருக்கும் ஒரு தம்பி போன வசந்தத்தில் என்னை அழைத்தார். மூன்று வரிசை எஸ்யூவி, டிரெய்லர் இழுப்பதற்கென்று கம்பெனியே பொருத்தித் தரும் டோ பேக்கேஜ் உண்டு, 5,000 பவுண்டு இழுக்கும். பிடித்துப்போன டிரெய்லரின் எடை பிரசுரத்தில் 3,900 பவுண்டு. "ஆயிரத்து நூறு பவுண்டு மிச்சம் இருக்கே அக்கா, அப்புறம் என்ன?" என்றார். கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 1,310 பவுண்டு என்று இருந்தது. அப்புறம், கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும், வீட்டில் எல்லாரையும் எடை பார்க்கும் மிஷினில் ஏறி நிற்கச் சொன்னேன். தம்பி 170. அவர் மனைவி 140. பிள்ளைகள் 80, 50. ஊரிலிருந்து வரப்போகிற அப்பா 150, அம்மா 130. ஆக 720 பவுண்டு. டிரெய்லரை மாட்டும் முன்பே பாதிக்கு மேல் போய்விட்டது.

அடுத்தது அந்த 3,900. டிரெய்லர் பிரசுரங்களில் போடுவது வெறும் எடை. தண்ணீர் இல்லை, சாமான் இல்லை, பல சமயம் பேட்டரியும் கேஸும்கூட இல்லை. அந்த எடையில் யாரும் எங்கும் போனதில்லை. நம் வீட்டு டிரெய்லரில் என்னென்ன ஏறும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கேஸ் சிலிண்டரில் 40 பவுண்டு கேஸ். பேட்டரி 50, 60. கழிவுநீர்க் குழாய், தண்ணீர்க் குழாய், மின்சார கேபிள், சமன்படுத்தும் பலகைகள். மடக்கு நாற்காலி ஆறு. ஆறு பேருக்குப் போர்வை, தலையணை. பாத்திரம், இரண்டு குக்கர், 20 பவுண்டு அரிசி, மாவு நிறைந்த டப்பா, ஐஸ் பெட்டி. சிலர் கிரைண்டரையே தூக்கி வைக்கிறார்கள், அம்மாவுக்கு மாவு அதில் அரைத்தால்தான் திருப்தி என்பார்கள். சாதாரணமாக 700, 800 பவுண்டு ஏறிவிடும். தண்ணீர் தொட்டியை வீட்டிலேயே நிரப்பினால் ஒரு கேலனுக்கு 8.34 பவுண்டு வீதம் 30 கேலனுக்கு 250 பவுண்டு தனி. (முடிந்தவரை கேம்ப்கிரவுண்டுக்குப் போய் நிரப்புங்கள். வழியில் குடிக்கவும் கழிவறைக்கும் கொஞ்சம் இருந்தால் போதும்.)

டிரெய்லர் வாசல் கதவுப் பக்கத்திலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சரக்கு இத்தனை பவுண்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று. அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வெளியே பெரிதாகவும் உள்ளே ஆடம்பரமாகவும் இருந்து, சாமான் மட்டும் 600 பவுண்டுதான் ஏற்றலாம் என்கிற டிரெய்லர்களும் கடையில் நிற்கின்றன.

தம்பியின் கணக்குக்கு வருவோம். 3,900-உடன் 800 சேர்த்தால் 4,700. இதில் எவ்வளவு வண்டியின் மேல் வந்து அழுத்தும் என்பதுதான் கேள்வி. டிரெய்லரின் முன்நுனி வண்டியின் ஹிட்ச் பந்தின் மேல் உட்காருகிறது. அங்கே இறங்கும் பாரத்துக்கு டங் வெயிட் என்று பெயர். அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 13 என்று வைத்தால் 610 பவுண்டு. இந்த 610-ம் சரக்குதான். அதாவது ஸ்டிக்கரில் இருக்கும் 1,310-லிருந்து கழிக்க வேண்டியது. ஆட்கள் 720, டங் வெயிட் 610, ஹிட்ச் சாமான் 80. மொத்தம் 1,410. பைகளையும் குழந்தை ஸ்ட்ரோலரையும் டிக்கியில் வைக்கவே இல்லை, அதற்குள் 100 பவுண்டு அதிகம். போதாததற்கு, அந்த வண்டியின் ஹிட்சில் ஒட்டியிருந்த லேபிள் டங் வெயிட் 500-க்கு மேல் கூடாது என்றது. இழுக்கும் திறன் கணக்கில் 300 பவுண்டு மிச்சம் இருக்கும்போதே, மற்ற இரண்டு கணக்கிலும் வண்டி எல்லை தாண்டிவிட்டது.

சரி, 100 பவுண்டுதானே, ஒரு ஆள் எடைகூட இல்லையே என்று தோன்றலாம். பின் அச்சும் பின் டயர்களும்தான் அதைச் சுமக்கின்றன. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் தூக்கும். முன் டயரில் பாரம் குறைந்தால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பிடிப்பது குறையும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இதெல்லாம் நேரான சாலையில் அறுபதில் போகும்போது தெரியாது. வளைவில், மழையில், முன்னால் ஒருவர் திடீரென்று பிரேக் போடும்போதுதான் தெரியும்.

டங் வெயிட்டைக் குறைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே, சாமானை எல்லாம் பின்னால் தள்ளிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தம்பியின் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர். அவர் வந்த பிறகு இதை அவரிடம் சொன்னபோது எனக்கு விளக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. "பின்பாரமா ஏத்தக்கூடாதும்மா. மாட்டு வண்டியிலேயே பின்பாரம் ஆச்சுன்னா நுகத்தடி கழுத்தை விட்டுத் தூக்கும், கயிறு மாட்டோட தொண்டையை இறுக்கும். கொஞ்சம் முன்பாரமாத்தான் கட்டணும்" என்றார். டிரெய்லரிலும் அதேதான். வேகம் மட்டும் இருபது மடங்கு.

பின்பாரமான டிரெய்லர் பாம்பாக ஆடும். பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்து போகும்போது காற்று முதலில் டிரெய்லரைத் தள்ளும், பிறகு இழுக்கும். முன்பாரமாக இருந்தால் இரண்டு ஆட்டத்தில் தானாக அடங்கிவிடும். பின்பாரமாக இருந்து வேகமும் கூடினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். ஹிட்ச் பந்து வண்டியின் பின் அச்சுக்கு நான்கு அடி பின்னால் இருக்கிறது. அங்கிருந்து டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளும்போது அது வண்டியின் பின்பக்கத்தைப் பெயர்க்கும் நெம்புகோலாகிவிடுகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி குறைவான வண்டிகள் இதில் சீக்கிரம் தோற்கும். ஜீப் ராங்ளரில் இரண்டு கதவு வண்டிக்கு 2,000 பவுண்டு என்றும், அதே குடும்பத்து நான்கு கதவு வண்டிக்கு 3,500 என்றும் நிறுவனம் வெகுகாலம் எல்லை வைத்திருந்தது சும்மா இல்லை.

டிரெய்லரின் பின் பம்பரில் நான்கு சைக்கிள்களை மாட்டுகிற பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சைக்கிளின் எடை குறைவுதான். ஆனால் அச்சிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித் தொங்குகிற எடை டங் வெயிட்டையும் குறைக்கும், ஆட்டத்துக்கு வேகமும் கொடுக்கும். கனமான சாமான் எல்லாம் டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக இருக்க வேண்டும். அரிசி மூட்டையும் கிரைண்டரும் அங்கே போகட்டும். பின்பக்க அலமாரியில் போர்வையும் துணியும் வையுங்கள்.

ஒருவேளை ஆட ஆரம்பித்துவிட்டால் கால் தானாக பிரேக்குக்குத்தான் போகும். போகக்கூடாது. வண்டி மெதுவாகி டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளினால் நிலைமை மோசமாகும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும், ஸ்டீயரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும், எதிர்த்திசையில் திருப்பிச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. டிரெய்லர் பிரேக்கை இயக்க ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் பொருத்தியிருக்கும் பிரேக் கன்ட்ரோலரில், டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கும் ஒரு நெம்பு இருக்கும், அதைக் கையால் அழுத்த வேண்டும். டிரெய்லர் பின்னால் இழுத்துக்கொண்டு நேராகும். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் கை போகும்படி, வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தே பழகிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டும் கணவன் மனைவி இருவரும் பழகுங்கள். எங்கள் வீட்டில் மலைப்பாதையில் பெரும்பாலும் நான்தான் ஓட்டுவேன். பல வீடுகளில் "அவர்தான் ஓட்டுவார்" என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தலைவலி வந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை.

வண்டியின் பின்பக்கம் தாழ்வதற்கு மருந்தாக வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்று ஒன்றைச் சொல்வார்கள். இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் ஹிட்சிலிருந்து டிரெய்லரின் சட்டத்துக்கு இழுத்துக் கட்டப்படும். அந்த இழுவிசை பின் அச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பங்கை வண்டியின் முன் அச்சுக்கும், இன்னொரு பங்கை டிரெய்லரின் அச்சுக்கும் அனுப்பிவிடும். நல்ல சாதனம், நான் அது இல்லாமல் இழுப்பதில்லை. ஆனால் அது ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை உயர்த்தாது. ஹிட்சின் லேபிளில் 500 என்ற ஒரே வரம்புதான் இருக்கிறது என்றால், இதை மாட்டியதும் அது 700 ஆகிவிடாது. சில நிறுவனங்கள் தங்கள் சில வண்டிகளில் இதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்கின்றன, அதனால் கையேட்டில் டோயிங் பகுதியை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.

இத்தனை கணக்கும் காகிதக் கணக்கு. நிஜக் கணக்கு லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் இருக்கிறது. நெடுஞ்சாலையோரப் பெரிய டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்று ஓர் எடைமேடை இருக்கும், உயரமான கம்பத்தில் பெயர்ப்பலகை தெரியும். லாரிக்காரர்களுக்காக வைத்தது, ஆனால் யாரும் எடை பார்க்கலாம். செலவு ஒரு குடும்பம் வெளியே காபி குடிப்பதைவிடக் குறைவு. மேடை தனித்தனிப் பலகைகளாக இருக்கும். வண்டியின் முன் சக்கரம் முதல் பலகையிலும், பின் சக்கரம் இரண்டாவதிலும், டிரெய்லரின் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்கும்படி நிறுத்த வேண்டும். பட்டனை அழுத்தி "ஃபர்ஸ்ட் வே" (முதல் எடை) என்று சொன்னால் போதும். சீட்டை உள்ளே கவுன்டரில் கொடுப்பார்கள், செயலியிலும் பார்க்கலாம். வண்டியில் வரப்போகிற எல்லாரும் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அது முக்கியம்.

தம்பி கடைசியில் முதலில் பார்த்த டிரெய்லரை விட்டுவிட்டு, சாமானோடு 3,200 பவுண்டு வருகிற சின்ன டிரெய்லர் ஒன்றை எடுத்தார். எடை பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். மூன்று முறை பார்த்தோம். ஸ்பிரிங் கம்பி மாட்டி ஒருமுறை, கழற்றி ஒருமுறை, டிரெய்லரை அங்கேயே லாரிகள் நிற்கும் இடத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் ஒருமுறை. இரண்டாவது, மூன்றாவது எடைக்குக் கட்டணம் குறைவு. வண்டி மட்டும் நின்றபோது முன் அச்சு 2,540, பின் அச்சு 2,780, மொத்தம் 5,320. கம்பி இல்லாமல் டிரெய்லர் மாட்டியபோது முன் 2,380, பின் 3,360, மொத்தம் 5,740. இந்த இரண்டு மொத்தங்களுக்கும் உள்ள வித்தியாசம் 420 பவுண்டு, அதுதான் உண்மையான டங் வெயிட். 3,200-ல் 13 சதவீதம், ஹிட்சின் 500-க்கும் உள்ளே. முன் அச்சு 160 பவுண்டு இழந்திருப்பதைக் கவனியுங்கள். கம்பி மாட்டியதும் முன் 2,480-க்கு ஏறியது, பின் 3,180-க்கு இறங்கியது, டிரெய்லர் அச்சு 80 பவுண்டு கூடுதலாக வாங்கிக்கொண்டது. வண்டியின் மொத்த அனுமதி எடை கதவோர லேபிளில் 5,790. கம்பி இல்லாமலே 50 பவுண்டு உள்ளேதான் நின்றது.

அந்த 50-ஐப் பார்த்துத் தம்பி முகம் சுருங்கியது. ஆறு பேர் ஏறியதும் ஒரு பைகூட வண்டிக்குள் வைக்க இடமில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பைகள் எல்லாம் டிரெய்லருக்குப் போயின. அங்கே வைக்கும் 100 பவுண்டில் 13 பவுண்டு மட்டும்தான் வண்டியின் மேல் வருகிறது, டிக்கியில் வைத்தால் நூறும் வரும். தொலைதூரப் பயணங்களில் பெற்றோர் கூட வருகிற நண்பர் வீட்டுக் காரில் ஏறிக்கொண்டார்கள். அதுவே அவர்களுக்கும் பிடித்திருந்தது, அந்தக் காரில் பேச்சுத்துணை அதிகம்.

ஒரே மாடல் வண்டி இரண்டுக்கு இந்த ஸ்டிக்கர் எண் ஒன்றாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். மேற்கூரைக் கண்ணாடி, நாலு சக்கர டிரைவ், பெரிய ரிம், மின்சாரத்தில் மடங்கும் சீட் எல்லாமே அந்த எண்ணிலிருந்துதான் கழிகின்றன. விலை அதிகமான வகையில்தான் பேலோடு பெரும்பாலும் குறைவாக இருக்கும். புது வண்டி வாங்கப் போனால் கடை வாசலில் நிற்கிற வண்டிகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். விற்பனையாளர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி. அங்கிருந்து மேற்கே சுமார் 60 மைலில் ஐசன்ஹவர் சுரங்கம் 11,158 அடியில் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் சக்தியை இழக்கும். சுரங்கத்தின் வாசலுக்கு வரும்போது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். டர்போ வண்டிகள் இதை நன்றாகவே சமாளிக்கின்றன. ஏற்றத்தில் மெதுவாகப் போவது ஆபத்தில்லை, வலது ஓரத்தில் லாரிகளோடு சேர்ந்து விளக்கைச் சிமிட்டவிட்டுப் பொறுமையாக ஏறலாம்.

பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. சுரங்கத்தை விட்டு மேற்கே வெளியே வந்ததும் சில்வர்தோர்ன் ஊர் வரை ஸ்ட்ரெய்ட் கிரீக் பள்ளத்தாக்கில் சாலை ஏழு சதவீதச் சரிவு வரை விழுகிறது. பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று மலைச்சரிவில் சரளைக்கல் கொட்டிய பாதைகளைச் சாலையோரமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். அவை அங்கே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, பாரம் இழுக்கும்போது கியரைத் தாழ்த்தி வைக்க உதவும் டோ ஹால் பட்டனைப் போட்டு, கியரைத் தாழ்த்திவிட வேண்டும். இன்ஜின் உறுமும், உறுமட்டும், அது வேலை செய்கிற சத்தம். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தேவைப்படும்போது அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டுவிட வேண்டும். கருகல் வாசனை வந்தால் அடுத்த இடத்தில் ஒதுங்கி நின்று அரை மணி நேரம் ஆறவிடுங்கள். யார் ஹார்ன் அடித்தாலும் கவலை வேண்டாம்.

வடக்கே வயோமிங் போகிறவர்களுக்குக் காற்று. லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவில் ஐ-80 சாலையில் எல்க் மவுன்டன் பக்கம் அடிக்கிற காற்றுக்கு, உயரமான இலகு வண்டிகள் போகக்கூடாது என்று மாநிலமே சாலையை மூடும். டிரெய்லர் அந்த வகைதான். அன்றைக்கு லாரமியில் தங்கிவிடுங்கள்.

மின்சார வண்டி வைத்திருப்பவர்களும் இப்போது கேட்கிறார்கள். இழுக்கும் சக்தியில் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் டிரெய்லர் மாட்டினால் ஒரு சார்ஜில் போகும் தூரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். பல சார்ஜிங் இடங்களில் டிரெய்லரைக் கழற்றாமல் உள்ளே நுழையவும் முடியாது. பெட்ரோல் வண்டிக்கும் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். டிரெய்லரின் எடையைவிட அதன் அகன்ற முகம் கிழிக்க வேண்டிய காற்றுதான் அதற்குப் பெரிய காரணம். அதனால்தான் சில வண்டிகளின் கையேட்டில் எடையோடு டிரெய்லரின் முகப் பரப்புக்கும் ஒரு வரம்பு போட்டிருப்பார்கள்.

சின்ன விஷயங்கள் சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹிட்ச் பந்துகள் மூன்று அளவில் வருகின்றன: ஒன்றே முக்கால் இன்ச்சுக்குச் சற்று மேலே ஒன்று, இரண்டு இன்ச், இரண்டு இன்ச்சும் பதினாறில் ஐந்து பங்கும் கொண்டது. அளவு பந்தின் தலையிலேயே பொறித்திருக்கும், பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டும் டிரெய்லரின் கப்ளரிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய கப்ளருக்குள் சின்னப் பந்து போய் உட்கார்ந்து பூட்டியது போலவே தெரியும், முதல் பெரிய குழியில் எகிறி வெளியே வரும். மாட்டி முடித்ததும் டிரெய்லரின் ஜாக்கைக் கொண்டு முன்நுனியைத் தூக்கிப் பாருங்கள், வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு சரி. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள், கழன்றாலும் அந்தக் குறுக்குச் சங்கிலி நுனியைத் தரையில் விழாமல் தாங்கும். டிரெய்லர் கழன்றுபோனால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்க வைக்கும் மெல்லிய கம்பியைச் சங்கிலியோடு சேர்க்காமல் வண்டியின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள். டிரெய்லர் டயர்கள் வேறு வகை, எஸ்.டி. என்று தொடங்கும், அவற்றில் பல மணிக்கு 65 மைலுக்காகச் செய்தவை. பார்க்கப் புதிது போலவே இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஆன டயரை மாற்றிவிடுங்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வெயிலில் நின்றே அதிகம் சாகிறது. டயரின் வாரமும் வருடமும் பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம்.

பெரிய டிரெய்லர்தான் வேண்டும், ஆறு பேரும் ஒரே வண்டியில்தான் போக வேண்டும் என்றால் அதற்கு ஏற்ற வண்டி உண்டு. முழு அளவு எஸ்யூவியோ, முன்னாலும் மூன்று பேர் உட்காரும் பெஞ்சு சீட் வைத்த பிக்கப்போ, பேலோடு 1,800-க்கு மேல் உள்ளதாகத் தேடிப் பிடிக்கலாம். பணம் அதிகம், மற்ற நாட்களில் அலுவலகத்துக்கும் அதையேதான் ஓட்ட வேண்டும். வருடத்தில் இரண்டு மூன்று பயணத்துக்காக அதை வாங்க வேண்டுமா என்பது அவரவர் முடிவு. நான் பெரும்பாலும் வேறு வழியைச் சொல்கிறேன். தங்கள் டிரெய்லரை வாடகைக்கு விடுகிறவர்களில் பலர் அதைத் தாங்களே கேம்ப்கிரவுண்டுக்கு இழுத்து வந்து, சமன்படுத்தி, தண்ணீரும் மின்சாரமும் இணைத்துக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் உங்கள் காரில் போய் இறங்கினால் போதும். பெற்றோர் வந்திருக்கும் அந்த ஒரு பருவத்துக்கு அது வாங்குவதைவிட மிகவும் மலிவு. எங்கே கொண்டுவருவார்கள், எத்தனை மைலுக்கு எவ்வளவு என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். சில பூங்காக்களில் மூன்றாம் நபர் கொண்டுவந்து வைக்க அனுமதி இருக்காது, அதை அந்தப் பூங்காவிடமே கேட்க வேண்டும்.

வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டால், டீலரிடம் போகும் முன் மூன்று படங்களைக் கைபேசியில் எடுத்துக்கொள்ளுங்கள்: கதவோர ஸ்டிக்கர், அதற்குப் பக்கத்தில் அச்சு எடைகள் எழுதிய லேபிள், ஹிட்சில் ஒட்டியிருக்கும் லேபிள். வீட்டில் எல்லாருடைய எடையையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிரசுரத்தில் இருக்கும் வெறும் எடையை விட்டுவிட்டு, டிரெய்லரின் அதிகபட்ச அனுமதி எடையை எடுத்து அதில் 13 சதவீதம் கணக்கிடுங்கள். சாமானோடு அது அந்த எடையை நெருங்கத்தான் போகிறது. அந்த 13 சதவீதமும் வீட்டார் எடையும் ஹிட்ச் சாமானும் சேர்ந்து ஸ்டிக்கருக்குள் அடங்கினால், மிச்சத்தைக் கடையில் உட்கார்ந்து பேசலாம். அடங்கவில்லை என்றால் அடுத்த வரிசையில் நிற்கும் சின்ன டிரெய்லரைக் காட்டச் சொல்லுங்கள். கணக்கில் எங்காவது தடுக்கினால் அந்த மூன்று படங்களையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.